பெஸ் ஆஃப் ஹார்ட்விக்: நாலு கல்யாணம், இவ்வளவு சொத்து எப்படி?

வெள்ளவத்தை வாசகி:
மகள் லண்டன் ஓ லெவலுக்கு இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலம் படிக்கிறாள், கூடவே நானும். பெஸ் ஆஃப் ஹார்ட்விக் டார்பிஷயரில் கொஞ்சக் காணியுள்ள வீட்டுப் பிள்ளை. கடைசியில் இங்கிலாந்தின் பெரிய பணக்காரிகளில் ஒருவர். ஆனால் அங்கே கல்யாணமானதும் பெண்ணின் சொத்து புருஷன் கைக்குப் போய்விடுமாமே? பிறகு எப்படி?

கொட்டாஞ்சேனை நொத்தாரிசு:
அக்கா, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையை மனதில் வைத்துப் பார்த்தால் குழப்பம்தான். நம்மில் சீதனம் பெண்ணின் பெயரில் நிற்கும், காணியை விற்கத்தான் புருஷனின் சம்மதம் வேண்டும். அங்கே விதவையான பிறகுதான் கதையே தொடங்கும்: புருஷனின் காணியில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் ஆயுள்வரை அவளுக்கு. முதல் புருஷன் ராபர்ட் பார்லி 1544இல் சின்ன வயதிலேயே போய்விட, அந்தப் பங்குக்கே பெஸ் வழக்காட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு உறுதி எழுதும் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்றவில்லை என்பேன். இரண்டாமவர் வில்லியம் கேவன்டிஷ், 1549இல் சாட்ஸ்வர்த்தை 600 பவுணுக்கு வாங்கியவர், காணிகளை இருவர் பெயரிலும் எழுதினார். மூன்றாமவர் வில்லியம் சென்ட் லோ தம்பியையும் மகள்மாரையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் பெஸ்ஸுக்கே கொடுத்தார். நாலாமவர் ஷ்ரூஸ்பரி பிரபு.

பம்பலப்பிட்டி ஆசிரியை:
அந்த நாலாவதோடு மாற்றுச் சம்பந்தமும் நடந்தது. 1568இல் பெஸ்ஸின் மகன் ஹென்றிக்கு ஷ்ரூஸ்பரியின் மகள் கிரேஸ், மகள் மேரிக்கு அவர் மகன் கில்பர்ட். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பார்த்ததுதான், சொத்து வெளியே போகாது. ஆனால் மேரிக்கு அப்போது 12 வயது, அது எனக்கு இன்னும் மனதை உறுத்தும். பிறகு 1569இலிருந்து 1584வரை ஸ்கொட்லாந்து ராணி மேரியைக் காவலில் வைத்திருந்ததும் ஷ்ரூஸ்பரிதான், அந்தச் செலவும் சந்தேகமும் சேர்ந்து புருஷன் பெண்சாதியைப் பிரித்தே விட்டது.

வெள்ளவத்தை வாசகி:
இரண்டு பேருக்கும் நன்றி, இப்போது விளங்குகிறது. பேத்தி ஆர்பெல்லாவுக்கு என்ன ஆனது?

பம்பலப்பிட்டி ஆசிரியை:
அரச இரத்தம் இருந்ததே அந்தப் பிள்ளைக்கு வினையாகிவிட்டது. ராஜாவின் அனுமதியில்லாமல் 1610இல் கல்யாணம் செய்தாள், 1615இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தாள். பாட்டி 1608இலேயே போய்விட்டார். ஹார்ட்விக் மாளிகையின் உச்சியில் அவர் கல்லில் செதுக்கி நிறுத்திய ஈ, எஸ் எழுத்துகள் இன்றும் நிற்கின்றன, எலிசபெத் ஷ்ரூஸ்பரி. மகளுக்கு அந்தப் படத்தைக் கட்டாயம் காட்டுங்கள்.