பெரிய வெண்கலக் காசு: கொம்பு வைத்த தாடிக்காரர், நடுவில் குழி. என்ன இது?

செம்புக்கிறுக்கன்:
வணக்கம். பழைய காசுகளோடு தடியான வெண்கலக் காசு ஒன்று வாங்கினேன். விட்டம் 42 மி.மீ., எடை 70 கிராம். (நம் பத்து ரூபாய்க் காசு 7.7 கிராம்தான்!) ஒரு பக்கம் தாடிக்காரர், காதருகே கொம்பு. மறுபக்கம் கழுகு. அதன் கால்களுக்கு நடுவே பெருக்கல் குறி. அதைச் செங்குத்தாக ஒரு கோடு வெட்டுகிறது, கோட்டின் உச்சியில் சிறு வளையம். "கிறிஸ்துவின் சின்னம், ரோமானியக் காசு" என்றார் விற்றவர். இரண்டு பக்கமும் நடுவில் குழி. யாராவது துளைக்கப் பார்த்தார்களா? ஓரத்தில் இளம்பச்சைத் தூளும் உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

கழுகுக்காசு:
ஐயா, புளி வேண்டவே வேண்டாம்! பித்தளைக் குடம் இல்லை இது.

கொம்பு ஆட்டுக்கிடா மாதிரி வளைந்திருந்தால் அவர் ஜீயஸ் அம்மோன், கிரேக்க ஜீயஸும் எகிப்திய அமுனும் கலந்த கடவுள். அப்படியானால் காசு எகிப்தை ஆண்ட கிரேக்கத் தாலமிகளுடையது. கழுகுக்கு இடப்பக்கம் பழம் நிறைந்த கொம்பு தெரிகிறதா? "தாலமி அரசருடையது" என்றுதான் எழுதியிருக்கும், எத்தனையாவது தாலமி என்று இருக்காது. அதனால்தான் இந்தச் சின்னச் சின்னக் குறிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செம்புக்கிறுக்கன்:
கொம்பு வளைவுதான். இடப்பக்கம் பழக்கொம்பும் இருக்கிறது, தேய்ந்த நிலையில்.

கழுகுக்காசு:
அப்போது மூன்றாம் தாலமி, கி.மு. 246–222. தாலமிக் காசுகளைத் தொகுத்த ஸ்வோரோனோஸின் பட்டியலில் 964ஆம் எண். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அந்தக் கிறிஸ்துச் சின்னத்தை எடுத்துக்கொண்டது கி.பி. 312 வாக்கில். கிறிஸ்துவுக்கு இருநூறு வருடம் முந்தைய காசில் கிறிஸ்துவின் சின்னம் எப்படி வரும்? அது வெறும் கிரேக்கக் கூட்டெழுத்து. ஆனாலும் இப்படிச் சொல்லி விலையேற்றுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை.

குழி குறையில்லை. அச்சடிக்கும் முன் வெற்று உலோக வில்லையைக் கடைசலில் பிடித்து வழித்த அடையாளம் என்பார்கள். தாலமிகளின் பெரிய காசுகளில் அது சாதாரணம்.

ஓரக்கோடு:
விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடோ, பரப்பில் குமிழ்த்துளையோ இருந்தால் வார்ப்புப் போலி என்று சந்தேகப்படுங்கள். தேய்ந்த முகத்தில் முடி மட்டும் கூர்மையாக இருந்தால் பிற்பாடு யாரோ செதுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தத் தூள். கெட்டியான, வழவழப்பான பச்சை என்றால் விட்டுவிடலாம், அதுதான் காசுக்கு அழகு. உதிர்வது குளோரைடு அரிப்பு, ஈரம் பட்டால் பரவும். மூங்கில் குச்சியால் மெதுவாகச் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் ஊறவையுங்கள்; நீரை மாற்றிக்கொண்டே இருங்கள், வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். தூள் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து.

செம்புக்கிறுக்கன்:
ஒட்டுக்கோடு இல்லை. தாடியில் மட்டும் இரண்டு கீற்று கூர்மையாகத்தான் இருக்கிறது...

ஓரக்கோடு:
லென்ஸ் வைத்துப் பாருங்கள். கீற்றின் உள்ளே பச்சை ஏறியிருந்தால் பழையது. செம்பு பளிச்சென்று தெரிந்தால் விலையைத் திரும்பப் பேசுங்கள்.