வீட்டுக்கு வந்த குடும்பநல உத்தியோகத்தர்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

வலிகாமத்துத் தாய்

கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க முன்பு எங்கள் ஒழுங்கைக்கு வந்த உத்தியோகத்தர் படலையில் நின்றே பெயரைக் கூப்பிட்டு, திரிபோசா சத்துமா வந்திருப்பதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் உள்ளே வராததன் காரணம் எங்கள் குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். நான் இரண்டாவது பிள்ளையைச் சுமந்த காலத்தில் மாற்றலாகி வந்தவர், வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நேரே வந்து பாயில் அமர்ந்தார். அம்மா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்த தேநீரை மூக்குப்பேணியில் வாங்கிக் குடித்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் இருக்கோ அம்மா?” என்று கேட்டார். அப்போது அம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. இரவில் தலையிடிப்பதையும் கண்ணுக்குள் மின்னுவதையும் அதன் பிறகுதான் அவரிடம் சொன்னேன். இரத்த அழுத்தத்தை அளந்தவர் அன்றைக்கே என்னைத் தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு அனுப்பினார். படலையில் நின்று கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

நெடுந்தீவு மகள்

எங்கள் தீவில் வைத்தியசாலை இருந்தாலும், சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கடலைக் கடந்தே ஆகவேண்டும். குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் செல்லும். வாடைக்காற்று பலத்தால் அதுவும் நிச்சயமில்லை. வசதியுள்ளவர்கள் நாள் நெருங்குமுன் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடெடுத்துவிடுவார்கள். எங்கள் உத்தியோகத்தர் வயிற்றை அளந்துகொண்டே, “அக்கரையில உமக்கு ஆர் இருக்கினம்?” என்று கேட்டார். ஒருவருமில்லை என்றதும் அளவுநாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, தான் முன்பு பராமரித்த வேலணைத் தாயொருவருடன் தொலைபேசியில் பேசி, எனக்கு ஓர் அறையை ஒழுங்குசெய்தார். என் மகன் பிறந்த அன்று படகு ஓடவில்லை.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்

முதலில் எழுதிய தங்கை காரணத்தைச் சொல்லாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. சாதி பார்த்துப் படலையில் நின்றார் என்று வெளிப்படையாகவே எழுதவேண்டும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு வீடு தேடிச் செல்வது இந்தச் சேவையின் அடிப்படையாக இருந்துவருகிறது. உள்ளே வந்து அமர்வதை ஒருவருடைய நல்ல மனதென்று மட்டும் புகழ்ந்தால், வராதவரிடம் கேள்வி கேட்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுக்கிறோம்.

என் பகுதியில் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பெண்ணொருவர் கிளினிக்குக்கு வருவதேயில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும். மாலையில் வரம்பிலேயே அவரைப் பிடித்துக் கீழிமையை விலக்கிப் பார்த்தேன், இரத்தச்சோகையில் வெளிறிக் கிடந்தது. கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளைத் தேநீருடன் விழுங்கியிருக்கிறார், வயிற்றைப் பிரட்டியதும் நிறுத்திவிட்டார்.

இதை வாசிக்கும் தாய்மாருக்குச் சிலவற்றைச் சொல்லவேண்டும். அந்த மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ கல்சியம் மாத்திரையுடனோ எடுக்காதீர்கள். தேசிக்காய்த் தண்ணீருடன் எடுக்கலாம், பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். விடாத தலையிடி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் துடிப்புக் குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிரசவத்தின் பின் முதல் பத்து நாட்களுக்குள் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கவேண்டும். வரவில்லையென்றால் உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் கணவரையோ மாமியாரையோ பேசச் சொல்லுங்கள்.