காரின் பிரேக் பேட் மாற்றி ஒன்பது மாதம்தான் ஆகிறது. முன் இடது சக்கரத்தில் மீண்டும் கீச்சுச் சத்தம்

ஏற்காட்டுப் பாதை:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் வசிக்கிறேன். என்னுடையது ஏழு ஆண்டு ஓடிய சிறிய பெட்ரோல் கார்; முன்னால் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகட்டைப் பிடிப்பது), பின்னால் டிரம் பிரேக், இதுவரை 62,000 கி.மீ. அம்மா ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருப்பதால், வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி இறங்குகிறேன். ஒன்பது மாதங்களுக்கு முன் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புதிய பிரேக் பேட் (டிஸ்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) போட்டேன். அதன்பின் 8,000 கி.மீ. மட்டுமே ஓடியிருக்கிறது.

மூன்று வாரங்களாக முன் இடது சக்கரத்திலிருந்து மெல்லிய கீச்சுச் சத்தம் வருகிறது. சந்துக்குள் சுவரை ஒட்டி மெதுவாகப் போகும்போது, பிரேக்கில் கால் வைக்காமலேயே, சக்கரம் சுழலும் தாளத்தில் அது கேட்கிறது. காலை வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. போன ஞாயிறு மலையிறங்கி அடிவாரத்தில் நிறுத்தியபோது அந்தச் சக்கரத்தருகே மட்டும் கருகிய வாடை அடித்தது. பேட் மாற்றிய பணிமனையில் காட்டினேன். சக்கரத்தின் இடைவெளி வழியாக விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பேட் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது, மழைத் தூசியால் வரும் சத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் வண்டி என்பதால் மனம் ஒப்பவில்லை. எதைப் பார்க்கச் சொல்வது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மழைக்காலப் பயணி:

இரவு முழுவதும் மழையில் நின்ற வண்டி என்றால் டிஸ்கின் மேல் மெல்லிய துரு படர்ந்திருக்கும். காலையில் முதல் நான்கைந்து பிரேக்கில் கரகரவென்று தேய்ந்து அது போய்விடும். அதற்குச் செலவு செய்ய வேண்டாம். டிஸ்குக்குப் பின்னாலுள்ள தகட்டில் சிறு கல் சிக்கினாலும் சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வரும். பேட்டைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, டிஸ்க் மேல் கொஞ்சம் எண்ணெய் தெளித்தால் கீச்சு நிற்கும் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னார். முயன்று பார்க்கலாம்.

முப்பதாண்டு மெக்கானிக்:

எண்ணெய் தெளிக்கும் யோசனையை யாரும் செய்துவிடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் அந்தச் சக்கரம் பிடிக்காது, அடுத்த சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மலைப்பாதையில் அது உயிருக்கே ஆபத்து. எண்ணெய் பட்ட பேட்டைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

தம்பி, நீங்கள் எழுதியதில் இரண்டு குறிப்புகள் முக்கியமானவை. காலை வைக்காமல் ஓடும்போது கேட்டு, வைத்தவுடன் நிற்கும் கீச்சு பெரும்பாலும் பேட்டில் பொருத்தியிருக்கும் எச்சரிக்கைத் தகட்டின் சத்தம். பேட் ஏறத்தாழ 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் டிஸ்கை உரசுவதற்காகவே வைத்த சிறு எஃகுத் துண்டு அது. பல வண்டிகளில் அது உட்பக்கப் பேட்டில்தான் இருக்கும். சக்கர இடைவெளி வழியாக விளக்கடித்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. உங்களுக்குப் பாதிக்குமேல் இருப்பதாகச் சொன்னது வெளிப் பேட்டைப் பார்த்துச் சொன்னதாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே சக்கரத்தில் வாடை. சிறிய கார்களில் வருவது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர், அதாவது பேட்களை டிஸ்கில் அழுத்தும் கவ்வி. பிஸ்டன் உள் பேட்டை டிஸ்கில் அழுத்தும்போது, அதன் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப் பேட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த ஸ்லைடு பின் இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. வேலை முழுவதும் உள் பேட்டின் தலையில் விழும், காலை எடுத்த பிறகும் அது சரியாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். தேய்மானம், சூடு, வாடை எல்லாமே இந்த ஒரு காரணத்தால் வரக்கூடியவைதாம். சமதரையில் ஐந்தாறு கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். டிஸ்கைத் தொட வேண்டாம். இடது பக்கம் மட்டும் அனல் அடித்தால் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழற்றி இரண்டு பேட்களையும் உங்கள் கண்முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுப் பாதை:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. இடது சக்கரம் கையைக் காட்ட முடியாத அளவுக்குச் சூடாக இருந்ததால், வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் அருகில் நின்று பார்த்தேன். வெளிப் பேட் 8 மி.மீ., உள் பேட் 2 மி.மீ.க்குச் சற்று மேல். எச்சரிக்கைத் தகட்டின் நுனி தேய்ந்து பளபளத்தது. மேல் ஸ்லைடு பின், விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. கீழ் பின்னைத் திருகி, தட்டி, கால் மணி நேரம் போராடித்தான் எடுத்தார். அதன் நுனியிலிருந்த ரப்பர் புஷ் (சிறு ரப்பர் வளையம்) உப்பிப் போய், சுற்றிலும் கருத்த கிரீஸ் பிசின்போல ஒட்டியிருந்தது. டிஸ்கின் தடிமன் 16.1 மி.மீ.; குறைந்தபட்சம் 15 மி.மீ. என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கிறது. உட்பக்கத்தில் மெல்லிய கோடுகள் இருக்கின்றன, நகத்தில் தட்டுப்படவில்லை. டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சீவ வேண்டுமா?

முப்பதாண்டு மெக்கானிக்:

லேத் தேவையில்லை. நகத்தில் தட்டாத கோடுகளுக்காகவும், பிரேக் பிடிக்கும்போது பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ அதிர்வு இல்லாதபோதும், நல்ல இரும்பைச் சீவி எடுப்பது வீண்.

ரப்பர் புஷ் உப்பியதற்குச் சாதாரண கிரீஸே காரணமாக இருக்கும். பெட்ரோலியத்திலிருந்து வரும் கிரீஸ், பிரேக்கில் பயன்படும் ரப்பரை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். பின்களுக்கு அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் பிரேக் கிரீஸ் மட்டுமே, அதுவும் மெல்லிய பூச்சாக, போட வேண்டும். புஷ்ஷையும், பின்னை மூடும் ரப்பர் உறைகளையும் புதிதாக மாற்றிவிடுங்கள். உறை கிழிந்திருந்தால் அடுத்த மழைக்கே தண்ணீர் புகுந்து மறுபடியும் இறுகும். பிஸ்டனைக் கையோடு சோதியுங்கள்: உள்ளே அழுத்தும்போது சீராகப் போக வேண்டும், அதன் ரப்பர் உறை கிழியாமல் இருக்க வேண்டும். அழுத்தும்போது பிரேக் ஆயில் டப்பா வழிந்து பெயிண்டைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலிப்பரை ஹோஸில் (ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பேட் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். வலப்பக்கப் பின்களையும் திறந்து பாருங்கள், அங்கும் அதே கிரீஸ்தான் போட்டிருப்பார்கள்.

பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்துப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் அந்தச் சூட்டை எட்டினால் ஆயிலில் ஆவி உண்டாகி, பெடல் பஞ்சுபோல உள்ளே போய்விடும்.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டிப்படும்வரை மிதியுங்கள். பிறகு காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை இடைவெளி விட்டுப் பிடித்தால் பேட்டும் டிஸ்கும் ஒன்றோடொன்று பழகும். மலையிறங்கும்போது இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைத் தாங்கட்டும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, உடனே காலை எடுத்துவிடுங்கள்.

மழைக்காலப் பயணி:

எண்ணெய் யோசனையைக் கேட்டபடியே இங்கே எழுதிவிட்டேன், மன்னிக்கவும். யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

ஏற்காட்டுப் பாதை:

வலப்பக்கக் கீழ்ப் பின்னும் இறுகத் தொடங்கியிருந்தது, ஐயா. நான்கு பின்களுக்கும் புதிய புஷ், உறை, சிலிகான் கிரீஸ் போட்டு, பேட்டும் ஆயிலும் மாற்றினோம். நேற்று அம்மாவை அழைத்துக்கொண்டு மலையிறங்கினேன். அடிவாரத்தில் நிறுத்திக் கையைக் காட்டிப் பார்த்தபோது இரண்டு சக்கரங்களிலும் ஒரே அளவு சூடு. வாடை இல்லை, சத்தமும் இல்லை. 5,000 கி.மீ. ஓடியதும் இரண்டு உள் பேட்களையும் அளந்து இங்கே எழுதுகிறேன்.