புதுப்பிப்பு: சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்த வேட்டைத்துணை நாய்?

முந்தைய பதிவில், வேட்டைக்காரருக்குத் துணையாகப் போகும் நாய் இனங்களில் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இரண்டையும் முதலிடத்தில் வைத்திருந்தேன். அதே வகையைச் சேர்ந்த விஸ்லா, பாயின்டர் இனங்களைப் பற்றிப் பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

விஸ்லா, பாயின்டர் இரண்டும் பாசமானவைதான், ஆனால் நாள் முழுக்க வயல்வெளியில் ஓடுவதற்கென்றே உருவானவை. தினமும் ஒன்றரை மணி நேரமாவது ஓடவிடாவிட்டால் அந்த வேகமெல்லாம் வீட்டுக்குள் வெளிப்படும். தத்தி நடக்கும் குழந்தை இடிபட்டு விழும். உங்கள் கடைசிக் குழந்தைக்கு 5 வயதாகும்வரை பொறுத்திருங்கள்.

லாப்ரடாரிலும் வம்சவழியைப் பாருங்கள். வேட்டைப் பணிக்காக வளர்த்த வழி, நாய்க் கண்காட்சிக்காக வளர்த்த வழியைவிடப் பொதுவாக ஒல்லி, துடிப்பும் அதிகம். தாய்நாயை நேரில் பார்க்காமல் குட்டி வாங்கவே வாங்காதீர்கள். வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தும் தாய்நாய் மிரண்டு ஒளிந்தால் வேறு இடம் தேடுங்கள். தாய், தந்தை இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே அறிக்கையும் கண் பரிசோதனைச் சான்றும் கேளுங்கள்.

8 வாரம் முடியும் முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. கூடப் பிறந்தவற்றோடு விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கற்கும். பல் மாறி முடிய 6, 7 மாதம் ஆகும். அதுவரை பாவாடை நுனி, கால்சட்டை எல்லாவற்றையும் கவ்வி இழுக்கும். குழந்தை கத்திக்கொண்டு ஓடினால் இன்னும் துரத்தும். அசையாமல் நிற்கக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள், குட்டியின் வாயில் கயிற்றுப் பொம்மையைக் கொடுங்கள்.

காக்கர் ஸ்பேனியல் என்ற வேட்டைத்துணை இனத்தை எடுப்பவர்களுக்கு: சாப்பிடும்போது குழந்தை கிட்டே போனால் நாய் சீறலாம், அதனால் அதன் சாப்பாட்டுத் தட்டைத் தனி அறையில், கதவைச் சாத்தி வையுங்கள்.