சூடு ஏறினா டயோடு என்ன பண்ணும்? நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

ஆம்ப்ளி சர்வீஸ், திண்டுக்கல்:
மைக் செட் ஆம்ப்ளி ஒண்ணு டேபிளுக்கு வந்தது. போட்ட கொஞ்ச நேரத்துல அவுட்புட் டிரான்சிஸ்டர் போயிடுதாம். வேற கடையிலயும் பார்த்தாச்சு. புது 2என்3055 டிரான்சிஸ்டர் மாட்டி, ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்ல மீட்டரை வெச்சேன் (இங்க வோல்டேஜ் ஏறினா டிரான்சிஸ்டர்ல கரன்ட் ஏறுதுன்னு அர்த்தம்). 8 மில்லிவோல்ட். பாட்டே ஓடல, ஆனா ஹீட்சிங்க் சூடாக ஆக 15, 25, 40னு ஏறிக்கிட்டே போகுது!

பாட்டு ஓடாதப்பவும் டிரான்சிஸ்டர்ல கொஞ்சம் கரன்ட் ஓட வைக்கிற வோல்டேஜ்தான் பயாஸ். அதைக் கொடுக்கிற பயாஸ் டயோடு ஹீட்சிங்கோட ஒட்டி இருக்கணும். யாரோ அதைப் பிடுங்கி, ஃபேன் காத்து படுற இடத்துல போர்டுல சால்டர் பண்ணியிருக்காங்க. டிரான்சிஸ்டர் சூடானா பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். டயோடும் கூடவே சூடானா பயாஸும் அதே மாதிரி இறங்கி கரன்ட்டைப் பிடிச்சு நிறுத்தும். இங்க டயோடு ஜில்லுனு இருக்கு, பயாஸ் குறையவே இல்ல. கரன்ட் ஏற சூடு, சூடு ஏற கரன்ட். டயோடை பேஸ்ட் தடவி ஹீட்சிங்க்ல அழுத்தி மாட்டினதும் 10 பக்கத்துல நின்னுடுச்சு.

இசிஇ இரண்டாம் வருஷம்:
அண்ணே, ஒரு டவுட். டயோடு கரன்ட் ஃபார்முலாவுல தெர்மல் வோல்டேஜ்னு ஒண்ணு வருது, அது வெப்பநிலையோட ஏறுதே. அப்போ டயோடு வோல்டேஜும் ஏறணும்ல? ஏன் இறங்குது?

இயற்பியல் ஆசிரியர்:
தம்பி, ஃபார்முலாவுல இன்னொரு ஆள் இருக்கார், ரிவர்ஸ் சாச்சுரேஷன் கரன்ட் (டயோடைத் திருப்பிப் போட்டா ஓடுற சின்ன கரன்ட்). தெர்மல் வோல்டேஜ் மெதுவா ஏறும், இவர் மடமடன்னு ஏறுவார். அதனால அதே கரன்ட்டை ஓட்ட முன்னைவிடக் கம்மி வோல்டேஜே போதும். ரிவர்ஸ்ல ஓடுற லீக்கேஜ் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ரெட்டிப்பாகும்னு சொல்றதும் இந்தக் கதைதான்.

எங்க லேப்ல பேண்ட் கேப் (எலக்ட்ரான் கட்டுல இருந்து விடுபடத் தேவையான ஆற்றல்) பிராக்டிக்கலுக்கு ஜெர்மானியம் டயோடை ஆயில் பாத்துல வைப்போம். சிலிக்கானா இருந்தா ரூம் சூட்டுல லீக்கேஜ் நானோ ஆம்பியர்ல இருக்கும், மைக்ரோ அம்மீட்டர் முள் அசையாது. பசங்க அவசரத்துல எண்ணெய் சூடாகும்போதே ரீடிங் எடுப்பாங்க. தெர்மாமீட்டர் ஒண்ணு சொல்லும், டயோடு வேற சூட்டுல இருக்கும். 90 டிகிரிக்குக் கொண்டுபோய், அடுப்பை அணைச்சு, ஆற ஆற எடுக்கச் சொல்லுவேன். அப்பதான் கிராஃப் நேர்கோடா வரும், சரிவுல இருந்து பேண்ட் கேப் 0.7 எலக்ட்ரான் வோல்ட் பக்கத்துல கிடைக்கும்.

இசிஇ இரண்டாம் வருஷம்:
புரிஞ்சது சார். இப்பவே மீட்டரை டயோடு மோடுல வெச்சு 1என்4007 டயோடைப் பார்த்தேன், 0.58 வோல்ட். சால்டரிங் அயர்னை கால்ல வெச்சா 0.45க்கு வந்துடுச்சு. ஷாட்கி டயோடுக்கும் (உலோகமும் செமிகண்டக்டரும் சேர்ற இடத்துல உருவாகுற டயோடு) இப்படித்தானா?

சோலார் வேலை, ராமநாதபுரம்:
இறங்கும் தம்பி, ஆனா ஷாட்கில லீக்கேஜ்தான் தலைவலி. 1என்5819ங்கிற ஷாட்கியோட டேட்டாஷீட்டைப் பாருங்க: 25 டிகிரில அதிகபட்சம் 1 மில்லி ஆம்பியர், 100 டிகிரில 10.

இன்னொண்ணு. ஒரு வீட்டு மாடி சோலார்ல, ஆம்பியர் பத்தலன்னு ரெண்டு டயோடைப் பேரலலா போட்டிருந்தாங்க. மே மாச வெயில், மூடின பெட்டி. ஒண்ணு கருகிக் கிடக்கு, மத்தது புத்தம்புதுசா இருக்கு. எது கொஞ்சம் கூடுதலா சூடாகுதோ அதோட வோல்டேஜ் இறங்கும், கரன்ட் பூரா அந்தப் பக்கமே பாயும். பெரிய டயோடு ஒண்ணே ஒண்ணு, ஹீட்சிங்கோட மாட்டிவிட்டேன். ரெண்டுதான் வேணும்னா ஒரே உறைக்குள்ள ரெண்டும் இருக்கிற ஜோடி டயோடு வாங்குங்க, சூடாவது சமமா இருக்கும்.