மூட்டை எண்ணிக்கை போட்டா பக்கத்து செல்லுல நேரம் தானா விழணும், மேக்ரோ உதவி வேணும்

மண்டிக்கணக்கு:
வணக்கம். அரிசி மண்டியில லோடு வர வர எக்செல்ல ஏத்துறோம், பி காலத்துல (நெடுவரிசை) மூட்டை எண்ணிக்கை அடிச்சா சி காலத்துல அப்போதைய தேதி நேரம் விழணும், அதுக்கப்புறம் மாறவே கூடாது. நௌ ஃபார்முலா போட்டா எங்க எதை அடிச்சாலும் எல்லா வரிசையும் இப்போ நேரத்துக்கு மாறிடுது. வொர்க்‌ஷீட் சேஞ்ச் கோடை (செல் மாறுனா தானா ஓடுற மேக்ரோ) மாட்யூல்ல ஒட்டிப் பாத்தாச்சு, எர்ரரும் வரல, ஒண்ணும் நடக்கல. ஏன்?

செல்வழி:
மாட்யூல்ல இருந்தா எக்செல் அதைக் கண்டுக்கவே செய்யாது சார். கீழ ஷீட் பேர் மேல ரைட் கிளிக் பண்ணி வியூ கோட் போங்க, அங்க ஒட்டுங்க. உள்ள முதல்ல இன்டர்செக்ட் வச்சு மாறுன செல் பி காலம்தானான்னு பாக்கணும், அப்புறம் ஆஃப்செட் 0, 1 போட்டா அதே வரிசையில வலப்பக்கத்து செல், அதுல நௌ எழுதுங்க, கோட் எழுதுறது ஃபார்முலா இல்லாம வெறும் மதிப்பா விழும், அதனால அப்படியே நிக்கும். எழுதுறதுக்கு முன்னாடி எனேபிள்ஈவென்ட்ஸ் (மாற்றம் நடந்தா கோடை ஓட விடுற சுவிட்ச்) ஃபால்ஸ், முடிஞ்சதும் ட்ரூ. ரெண்டு காவலும் இல்லன்னா சி-ல எழுதுனதே புது மாற்றமாகி டி, ஈ, எஃப்னு தேதி வலப்பக்கமா ஓடிட்டே இருக்கும்.

ஃபார்முலாபிரியன்:
20 வரிசையை ஒண்ணா பேஸ்ட் பண்றவங்களா நீங்க? அப்போ டார்கெட்டுங்கிறது (மாறுன இடத்துக்கு கோட்ல இருக்கிற பேர்) ஒரு செல் கிடையாது, அதோட வேல்யூ = "" ஆன்னு கேட்டா எர்ரர் 13 வந்து நடுவுல நின்னுடும், ஃபார் ஈச் போட்டு செல் செல்லா போங்க. அப்படி நடுவுல நின்னா ஈவென்ட்ஸ் ஃபால்ஸ்லயே கிடக்கும், அப்புறம் எந்த ஃபைல்லயும் ஈவென்ட் கோட் ஓடாது. கோட் விண்டோல இருந்து கன்ட்ரோல் ஜி அடிச்சு இமீடியட் விண்டோல அப்ளிகேஷன் எனேபிள்ஈவென்ட்ஸை ட்ரூ ஆக்குங்க. எண்ணிக்கையை அழிச்சா நேரமும் அழியற மாதிரி ஒரு வரி சேத்துக்கங்க.

மண்டிக்கணக்கு:
வந்துருச்சு, ரொம்ப நன்றிங்க! ஆனா கன்ட்ரோல் இசட் வேலை செய்யல?

செல்வழி:
மேக்ரோ ஒரு செல்லை மாத்துனா அன்டூ காலி ஆயிடும், அது எக்செல்லோட குணம். அதனாலதான் நேரத்தை அழிக்கிற வரி மண்டிக் கணக்குக்கு வேணாம்னு சொல்வேன், லோடு இறங்குன முதல் நேரம் போயிட்டா திரும்ப வராது. சி காலியா இருந்தா மட்டும் எழுதுன்னு வைங்க, எண்ணிக்கையை திருத்துன நேரம் டி-ல தனியா விழட்டும். ஃபைலை எக்ஸ்எல்எஸ்எம்மா சேவ் பண்ணுங்க, எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ல கோட் தங்காது.