தையல் மெஷின் பிரஸ்ஸர் ஃபுட் செட் வாங்கிட்டேன், எது எதுக்குன்னு சொல்லுங்களேன்

பூந்தையல்:
வணக்கம். தையல் மெஷின்ல ஊசிக்குக் கீழ துணியை அழுத்திப் பிடிக்குமே, அந்த ஃபுட் தனியா ஒரு செட் வாங்கினேன், பெட்டி நிறைய இருக்கு, ஆனா எதுலயும் பேர் இல்ல. இப்போ மெஷின்ல இருக்கிற ஃபுட்லயேதான் எல்லாம் தைக்கிறேன். ஜிப் வச்சா தையல் பல்லை விட்டு தள்ளிப் போயிடுது, ஷிஃபான்ல ஓரம் மடிச்சா அலை அலையா வருது. இதெல்லாம் என் மெஷினுக்குப் பொருந்துமான்னும் தெரியணும்.

ஊசிநூல்:
முதல்ல அளந்து பாருங்க. ஃபுட்டை இறக்கி வச்சிட்டு, அதைப் பிடிச்சிருக்கிற ஸ்க்ரூவோட நடுவுல இருந்து கீழ் பிளேட் வரைக்கும் முக்கால் இன்ச்சுக்குள்ள இருந்தா லோ ஷாங்க், ஒரு இன்ச்சைத் தாண்டினா ஹை ஷாங்க். ஷாங்க்னா ஃபுட்டை மெஷின்ல மாட்டுற தண்டு, செட்டும் அதே வகையா இருந்தாதான் பொருந்தும். வீட்டு மெஷின் பெரும்பாலும் லோ ஷாங்க்தான். பழைய சிங்கர் மாடல் சிலதுல ஷாங்க் சாய்வா இருக்கும், அதுக்குத் தனி ஃபுட் வேணும்.

பேர் இல்லாதது பெரிய விஷயமே இல்லங்க, ஒவ்வொண்ணையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க, என்ன வேலைன்னு அதுவே சொல்லிடும். அகலமா பள்ளம் இருந்தா சாட்டின் ஃபுட், நெருக்கமா போட்ட தையல் மேடு தட்டாம பின்னாடி போகத்தான் அந்தப் பள்ளம். பக்கத்துல பக்கத்துல ரெண்டு குழி ஓடினா கன்சீல்ட் ஜிப் ஃபுட், அதாவது தைச்சப்புறம் பல் வெளிய தெரியாத ஜிப்புக்கு. முன்னாடி சங்கு மாதிரி சுருண்டிருந்தா ரோல்டு ஹெம் ஃபுட், துணி ஓரத்தை மெல்லிசா சுருட்டி மடிச்சுத் தைக்க, உங்க ஷிஃபானுக்கு அதுதான்.

ஓரத்தையல்:
ரோல்டு ஹெம் ஃபுட்ல ஆரம்பிக்கிற இடம்தான் கஷ்டம், அது சரியா வந்துட்டா மீதி தானா வரும். துணி விளிம்புல பிசிறு இல்லாம வெட்டிட்டு, முதல் ஒரு இன்ச்சை கையால ரெண்டு மடிப்பு மடிச்சு நாலஞ்சு தையல் போடுங்க, ஊசி துணிக்குள்ள இருக்கும்போதே ஃபுட்டைத் தூக்கி விளிம்பை அந்தச் சுருளுக்குள்ள விட்டு திரும்ப இறக்குங்க. துணியை நிமிர்த்தி, லேசா இடது பக்கம் சாய்ச்சுப் பிடிச்சே ஓட்டணும், உள்ள அதிகம் போனா கட்டியா அடைக்கும், கம்மியா போனா பிசிறு வெளிய தெரியும். ஆரம்ப நூலை நீளமா விட்டு பின்னாடி மெல்ல பிடிச்சுக்கோங்க, மெல்லிசு துணி பிளேட் ஓட்டைக்குள்ள இறங்காது.

பூந்தையல்:
ரொம்ப நன்றிங்க! ரெண்டு குழி ஃபுட் கிடைச்சிடுச்சு. ஆனா ஜிப்போட பல் சுருண்டு குழிக்குள்ள உட்காரவே மாட்டேங்குதே?

ஊசிநூல்:
கன்சீல்ட் ஜிப்போட பல் உள்பக்கமா சுருண்டுதான் இருக்கும். ஜிப்பைத் திறந்து வச்சு, சூடு கம்மியா இருக்கிற அயர்ன்ல பல்லை விரிச்சு நிமிர்த்திட்டு அப்புறம் குழிக்குள்ள வைங்க, தையல் பல்லை ஒட்டியே விழும். சாதாரண ஜிப்புக்கு இது வேண்டாம், ஒத்தைப் பக்கம் மட்டும் இருக்குமே அந்த ஃபுட் போதும், பைப்பிங்குக்கும் அதே உதவும்.

மெஷின்காரர்:
முக்கியமான ஒண்ணை யாருமே சொல்லல. ஸ்ட்ரெயிட் ஸ்டிச் ஃபுட்ல ஊசிக்கு சின்ன ஓட்டைதான் இருக்கும், அதை மாட்டிட்டு ஜிக்ஜாக் போட்டா ஊசி ஃபுட் மேல அடிச்சு ஒடிஞ்சு கண்ணுல தெறிக்கலாம். எந்த ஃபுட் மாத்தினாலும் மோட்டார் ஓட்டுறதுக்கு முன்னாடி கைச்சக்கரத்தை உங்க பக்கமா ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, ஜிக்ஜாக்னா ரெண்டு சுத்து, ஊசி ரெண்டு பக்கமும் இறங்குறது தெரியணும்.